ஃபஸ் பெடலுக்கு எந்தப் பலகை: வெரோபோர்டா, வீட்டில் அரித்த பிசிபியா, ஆலையில் செய்த பிசிபியா?

கிட்டார் எஃபெக்ட் பெடலை வீட்டிலேயே கட்ட விரும்புவோர் பலர், ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல்களில் ஒன்றான ஃபஸ் ஃபேஸின் சுற்றிலிருந்துதான் தொடங்குகிறார்கள். லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் 1966-இல் வெளியிட்ட இந்தப் பெடலில் 2 டிரான்சிஸ்டர்கள், 4 ரெசிஸ்டர்கள், 3 கெப்பாசிட்டர்கள், 2 பொட்டென்ஷியோமீட்டர்கள் ஆகியவை மட்டுமே உள்ளன. இவ்வளவு சிறிய சுற்றுக்கு, உறுப்புகளைப் பொருத்தும் பலகை வெரோபோர்டானாலும் பிசிபி (செம்புத் தடங்கள் கொண்ட அச்சுச் சுற்றுப் பலகை) ஆனாலும் என்ன என்று தோன்றலாம். ஆனால் கட்டியதைச் சோதித்து மதிப்புகளை மாற்றத் தொடங்கும்போதுதான் வேறுபாடு தெரியவருகிறது.

ஃபஸ் ஃபேஸில் மாற்றம் தவிர்க்க இயலாதது. இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டர் என்னும் காலில், 9 வோல்ட் பேட்டரியில் பாதியான ஏறக்குறைய 4.5 வோல்ட் நிற்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. அதை நிர்ணயிக்கும் ரெசிஸ்டருக்கு மூலச் சுற்றில் 8.2 கிலோ ஓம் என்று குறித்திருந்தாலும், ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களின் பெருக்கமும் கசிவு மின்னோட்டமும் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், அந்த மதிப்பு கையில் உள்ள ஜோடிக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது. வெயில் ஏறினால் கசிவும் ஏறும் என்பது தனித் தொல்லை.

வெரோபோர்டின் வலிமை இங்கேதான் வெளிப்படுகிறது. 0.1 அங்குல இடைவெளியில் துளைகளும் அவற்றை வரிசையாக இணைக்கும் செம்புப் பட்டைகளும் கொண்ட இப்பலகையில், 8.2 கிலோ ஓமுக்குப் பதிலாக ஒரு டிரிம்பாட்டையும் (திருகி மதிப்பை மாற்றக்கூடிய சிறு ரெசிஸ்டர்), டிரான்சிஸ்டர்களுக்குச் சாக்கெட்டுகளையும் நினைத்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். குறைகளும் உண்டு. பட்டையை 4 மில்லிமீட்டர் துளைமுனையால் கையால் திருகி வெட்டும்போது, ஓரத்தில் மயிரிழை போன்ற செம்பு எஞ்சிவிடும். கண்ணுக்குத் தப்பும் அதுவே சுற்றை ஊமையாக்கப் போதுமானது. ஆகவே மின்சாரம் கொடுக்கும் முன், பட்டைகளுக்கிடையே கத்தி முனையை ஓட்டி, வெட்டிய ஒவ்வோர் இடத்தையும் மல்டிமீட்டரின் பீப் ஒலியால் சரிபார்ப்பது கட்டாயம்.

லேசர் பிரிண்டர் தாளிலிருந்து வரைபடத்தை இஸ்திரிப் பெட்டியால் செம்புத் தகட்டுக்கு மாற்றி, ஃபெரிக் குளோரைடில் அரித்தெடுக்கும் முறையில் தடங்கள் சுற்றுப்படத்தை ஒத்திருக்கும் என்பதால், சுற்றின் புள்ளிகளைத் தொட்டு ஒலியைக் கேட்க உதவும் ஆடியோ புரோபால் ஒலி எங்கே நின்றுபோகிறது என்று தொடர்வது எளிது. ஆயினும் படம் இடவலம் மாறி அச்சாகிவிட்டால் டிரான்சிஸ்டரின் கால்களும் மாறிப்போகும்; டோனர் சரியாக ஒட்டாத இடத்தில் தடம் அறுந்திருக்கும். கரைசல் பட்ட துணியில் கறை போகாது, செம்பு கலந்த கழிவைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. ஒரே ஒரு ஃபஸ் பெடலுக்காக இவ்வளவு சிரமம் தேவையில்லை என்பதே என் கருத்து.

பலகையின் வடிவமைப்பைக் கொண்ட கெர்பர் கோப்பு அனுப்பி ஆலையில் செய்வித்த பலகைதான் மூன்றிலும் நேர்த்தியானது. பச்சைப் பூச்சு இருப்பதால் ஈயம் பக்கத்துத் தடத்துக்கு வழிவது குறைவு. துளைகளின் உட்புறமும் செம்பு பூசியிருப்பதால் துளையைச் சுற்றியுள்ள செம்பு வளையங்கள் எளிதில் பெயர்வதில்லை. ஆனால் அதே காரணத்தால் துளைக்குள் ஈயம் நிரம்பிக்கொள்வதால், பொருத்திய ரெசிஸ்டரைக் கழற்றுவது வெரோபோர்டைவிடக் கடினம். வழக்கமாக ஐந்து பலகைகளாவது வாங்க வேண்டியிருப்பதால், வடிவமைப்பில் உள்ள தவறு ஐந்திலும் அப்படியே பதிந்து வரும்.

எனவே முதல் ஃபஸ் ஃபேஸுக்கு வெரோபோர்டையே பரிந்துரைப்பேன். டிரிம்பாட்டைத் திருப்பிக் காதுக்குப் பிடித்த இடத்தைக் கண்டபின், அதைக் கழற்றி அளந்து, நிகரான ரெசிஸ்டரைப் பொருத்தலாம். அதே பெடலை நண்பர்களுக்கும் கட்டித்தர நேர்ந்தாலோ, ஐசி சில்லுகள் நிறைந்த, ஒலியைத் தாமதித்துத் திரும்பக் கேட்கவைக்கும் டிலே போன்ற சுற்றுக்கு நகர்ந்தாலோ, வெரோபோர்டில் பட்டைகளை இணைக்கும் கம்பித் தாவல்கள் பெருகிப் பிழை தேடுவதே பெரும்பாடாகும். அப்போது ஆலைப் பலகைக்குக் காத்திருப்பதே மேல்.