ரிப்பும் ஓஎஸ்பிஎஃப்பும் ஒரே நெட்வொர்க்கில்: குன்னூர், கோத்தகிரி பக்கத்து நீண்டகாலப் பயன்பாடு

தேயிலை ஃபேக்டரி, பச்சைத்தேயிலை கொள்முதல் மையம், குடோன் என்று முகட்டுக்கு முகடு ஒயர்லெஸ் லிங்க் போட்ட இடங்களில், ரிப் (RIP: எந்த நெட்வொர்க்குக்கு எப்படிப் போவது என்று ரவுட்டர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பழைய முறை) மட்டுமே தெரிந்த பழைய ரவுட்டர்கள் இன்னும் உழைக்கின்றன. அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஓரத்தில் ரிப், நடுவில் ஓஎஸ்பிஎஃப் (OSPF: அதே வேலைக்கான புதிய முறை) என்ற ஏற்பாடு வருடக்கணக்கில் நிலையாக ஓடும். இரண்டும் சேரும் ரவுட்டரில், அதாவது கேட்வேயில், டீஃபால்ட் அமைப்பை நம்பினால்தான் கெடும்.

சிஸ்கோ ரவுட்டரில் ஓஎஸ்பிஎஃப் ரூட்டை (வழியை) ரிப்புக்குள் விடும்போது மெட்ரிக் கட்டாயம்; ரிப்பில் அது எத்தனை ரவுட்டர் தாண்ட வேண்டும் என்ற ஹாப் எண்ணிக்கை. கொடுக்காவிட்டால் 16 ஆகிவிடும். ரிப்புக்கு 16 என்றால் போக முடியாத இடம். 3 கொடுத்தால் போதும். எதிர்த்திசையில், பழைய ஐஓஎஸ்ஸில் (சிஸ்கோ ரவுட்டரின் மென்பொருள்) கட்டளையில் 'சப்நெட்ஸ்' என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால் 10.20.4.0/24 போன்ற சிறு நெட்வொர்க்குகள் வராது.

உண்மையான தலைவலி இரண்டு கேட்வே வைக்கும்போதுதான். குன்னூர் கேட்வே ஓஎஸ்பிஎஃப்புக்குள் விட்ட ரிப் ரூட், கோத்தகிரி கேட்வேக்கு ஓஎஸ்பிஎஃப் வழியாகவும் வந்து சேரும். எந்த முறை சொல்வதை ரவுட்டர் முதலில் நம்புவது என்பதற்கான எண் டிஸ்டன்ஸ்: ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, ரிப்புக்கு 120, குறைந்ததே வெல்லும். பக்கத்திலேயே இருக்கும் மையத்துக்குப் போக வேண்டிய டிராஃபிக் குன்னூரைச் சுற்றும். அதே ரூட்டை கோத்தகிரி மெட்ரிக் 3 போட்டு மறுபடி ரிப்புக்குள் விட, அசல் வழி 5 ஹாப் என்றால் போலி வழி ஜெயித்து, டிராஃபிக் ஒரே வட்டத்தில் சுற்றும் லூப் உண்டாகும்.

லூப்பைத் தடுக்க ரூட்டுக்கு டேக் (அடையாள எண்) போடுங்கள். ரிப்பிலிருந்து வருவதற்கு 120, ஓஎஸ்பிஎஃப்பிலிருந்து போவதற்கு 110. வந்த பக்கத்துக்கே திரும்ப முயலும் ரூட்டை, அதன் டேக்கை வைத்து இரு கேட்வேயிலும் ரூட்மேப்பில் (ரூட்டை வடிகட்டும் விதிகள்) தடுக்க வேண்டும். ரிப்பில் டேக்கைச் சுமப்பது பதிப்பு 2 (ரிப் 2) மட்டுமே. ரிப் 1 இருந்தால் நெட்வொர்க் பட்டியலை வைத்து வடிகட்டலாம். ஆனால் டிராஃபிக் குன்னூரைச் சுற்றும் சிக்கல் டேக்கால் தீராது. ரிப்பின் 120 வெல்லும்படி ஓஎஸ்பிஎஃப்பில் டிஸ்டன்ஸை 125 ஆக்குங்கள், ஆனால் ரிப் பக்கத்து நெட்வொர்க்குகளுக்கு மட்டும். ஓஎஸ்பிஎஃப்புக்கு வெளியிலிருந்து வந்த எல்லா ரூட்டுக்கும் (எக்ஸ்டர்னல்) போட்டால் இன்டர்நெட்டுக்கான டீஃபால்ட் ரூட்டே ரிப் வழியாகத் திரும்பிவிடும்.

இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் சோதனைக்காலம். நனைந்த சில்வர் ஓக்கும் கற்பூர மரமும் குறுக்கே நின்றால் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சரிந்துவிடும். ரேடியோ தனிக் கருவியாக, பிரிட்ஜாக இருப்பதால் ரவுட்டரின் போர்ட் விழாது; லிங்க் போனது ரவுட்டருக்கு உடனே தெரியாது. ஓஎஸ்பிஎஃப் 40 வினாடி, ரிப் 180 வினாடி காத்திருக்கும். ஓஎஸ்பிஎஃப் லிங்க்கில் பிஎஃப்டி (BFD: லிங்க் விழுந்ததை வேகமாகக் கண்டுபிடிக்கும் முறை) வையுங்கள். ரிப் டைமரைக் குறைப்பதானால் அந்தப் பக்கத்து எல்லா ரவுட்டரிலும் ஒரே அளவாகக் குறையுங்கள். ஒன்றில் விட்டுப்போனாலும் ரூட் வந்து வந்து போகும்.

மழைக்கு முன்பே ஒவ்வொரு கேட்வேயாக அணைத்துப் பாருங்கள். திரும்ப ஏற்றியதும் ரிப் பக்கத்து மையங்கள் இரு கேட்வேயின் ரூட் டேபிளிலும் 'ஆர்' (ரிப் வழி) என்று நிற்க வேண்டும். 'ஓ இ2' (ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டர்னல் வழி) என்று தெரிந்தால் 125-க்கான பட்டியலில் அந்த நெட்வொர்க் விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.