ஆர்சிங்க், போர்க், ரெஸ்டிக்: வீட்டுக் கணினிக்கு எது?

"எல்லாம் கூகுள் டிரைவில் ஏறிவிடுகிறதே, தனியாக பேக்கப் எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். டிரைவ் செய்வது சிங்க், அதாவது இரு பக்கத்தையும் ஒரே மாதிரி வைப்பது. இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் போய்விடும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அவ்வளவுதான். பேக்கப் என்றால் போன மாதம் இருந்த நிலையைக் கேட்டாலும் எடுத்துத் தரவேண்டும். அதனால் டிரைவை ஒதுக்கிவிட்டு, என் லினக்ஸ் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்த மூன்று மென்பொருள்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆர்சிங்க் 1996-இல் வந்தது. ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கரஸும் எழுதியது. ஃபைலில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும், மறுமுனையில் ஃபைல் ஃபைலாகவே இருக்கும். இதைத்தான் சில வருடம் வைத்திருந்தேன். அப்பாவின் கடிதங்களை ஸ்கேன் செய்து ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் வைத்திருந்தேன். அங்கிருந்து சர்வருக்கு, அதாவது நகல் சேமிக்கும் இன்னொரு கணினிக்கு, ஆர்சிங்க் அனுப்பும். ஓர் இரவு அந்த டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது லேப்டாப்போடு இணையவில்லை. கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் லினக்ஸ் வசதி) வழக்கம்போல 2 மணிக்கு ஆர்சிங்கை ஓட்டியது. இந்தப் பக்கம் ஃபோல்டர் காலி. டெலீட் ஆப்ஷன் போட்டிருந்ததால் சர்வரிலும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது, எந்த எர்ரரும் இல்லாமல். டிஸ்க் நன்றாக இருந்ததால் கடிதங்கள் தப்பின. தேதிவாரியாக ஃபோல்டர் வைக்க லிங்க்-டெஸ்ட் ஆப்ஷன் உண்டு. ஆனால் சர்வரில் என்க்ரிப்ஷன் (பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) கிடையாது, அங்கே கைவைக்க முடிந்த யாரும் படிக்கலாம்.

போர்க், ஆட்டிக் என்ற மென்பொருளிலிருந்து 2015-இல் பிரிந்தது. ஃபைல்களைத் துண்டுகளாக வெட்டி, ஒரே மாதிரித் துண்டை ஒருமுறைதான் சேமிக்கும். பெரிய ஃபோல்டரின் பெயரை மாற்றினாலும் மறுபடி அனுப்பாது. இடத்தைச் சுருக்கும், என்க்ரிப்டும் செய்யும். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) உள்ள சொந்த சர்வர் இருந்து, அதில் போர்க்கையும் நிறுவ முடிந்தால் தயங்காமல் எடுக்கலாம். விண்டோஸுக்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை.

ரெஸ்டிக்கும் துண்டு போடும் வழிதான். ஒரே ஒரு புரோகிராம் ஃபைல், விண்டோஸிலும் ஓடும். மறுமுனையில் எதுவும் நிறுவ வேண்டாம்: எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் வழி ஃபைல் அனுப்புவது), இணையத்தில் சேமிப்பிடம் தரும் அமேசான் எஸ்3, பேக்பிளேஸ் பி2 எதுவானாலும் சரி. கம்ப்ரஷன் (அளவைச் சுருக்குவது) இல்லையே என்ற குறையும் 2022-இல் 0.14 பதிப்போடு தீர்ந்தது. என்க்ரிப்ஷன் எப்போதும் உண்டு. பாஸ்வேர்ட் தொலைந்தால் யாராலும் மீட்க முடியாது; போர்க்கின் என்க்ரிப்ஷனுக்கும் இதே கதிதான். காகிதத்தில் எழுதி, அந்தக் கணினி இருக்கும் வீட்டில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். சொந்த சர்வர் இல்லாத பெரும்பாலானவர்களுக்கு நான் ரெஸ்டிக்கைத்தான் சொல்வேன்.

எதை எடுத்தாலும் முதல் ஏற்றத்துக்குப் பொறுமை வேண்டும். 200 ஜிபி, 10 எம்பிபிஎஸ் அப்லோட் என்றால் ஏறக்குறைய 45 மணி நேரம். அதற்குப் பிறகு சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

தானாக ஓட வைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. லேப்டாப் அணைந்திருந்தால் கிரான் அந்த வேளையை அப்படியே விட்டுவிடும். கிரானுக்குப் பதில் லினக்ஸின் சிஸ்டம்டி டைமரை வைத்து, அதில் பெர்சிஸ்டென்ட் ஆப்ஷன் போட்டால், தவறிய வேலையை ஆன் செய்ததும் ஓட்டும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிலும் இதற்கு ஒரு டிக் பெட்டி இருக்கிறது.

இப்போது மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கடிதத்தை ரெஸ்டிக்கிலிருந்து தனி ஃபோல்டரில் மீட்டுத் திறந்து பார்க்கிறேன். போன தடவை வந்தது 1987 தேதியிட்ட ஓர் இன்லேண்ட் லெட்டர். நீல மையும் மடிப்புக் கோடும் அப்படியே தெரிந்தன.