மோனோலாக்கும் ஐந்து கட்டையும்: ஆறு வருட அனுபவம்

கோர்க் மோனோலாக் என்ற சிந்தசைசரை (மின்னால் ஒலி உண்டாக்கும் சின்னக் கீபோர்டு) நான் வாங்கியது 2019 கடைசியில். மலேசியாவின் ஈப்போவில் ஒருவர் பயன்படுத்தியது, 850 வெள்ளி (ரிங்கிட்). பெட்டியும் புத்தகமும் இல்லை. ஒரு குமிழின் மூடி மட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. இரண்டு வருடம் கழித்து அதே மாதிரி பழையதாக ஒரு வோல்கா சாம்பிள் வாங்கினேன்; பதிவு செய்த சத்தங்களை (சாம்பிள்) ஏற்றி வாசிக்கும் சின்னப் பெட்டி அது. இன்று வரை என் வீட்டில் இருக்கும் சிந்தசைசர் கருவிகள் இந்த இரண்டுதான். புதிதாக வருவதை எல்லாம் பார்க்கிறேன், நண்பர்களிடம் வாங்கி வாசித்தும் பார்க்கிறேன். ஆனாலும் இவற்றை விற்க மனம் வரவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது சுங்கை சிப்புட். எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) பின்னால் தோட்டம். அப்பா காலத்தில் பால்மரம் (ரப்பர்), இப்போது செம்பனை. நான் செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக (மின்சாரப் பொறுப்பாளர்) ஷிப்ட் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை கோவிலில் பஜனை. தைப்பூசம் நெருங்கினால் பையன்களின் உறுமி மேளப் பயிற்சி. இந்தக் கருவிகளை நான் சோதித்துப் பார்த்த இடங்களும் இவைதான்.

மோனோலாக் 2017 தொடக்கத்தில் கடைக்கு வந்தது. அனலாக், ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம். ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர் இரண்டு, அதை வடிகட்டும் ஃபில்டர் ஒன்று, பதிந்த சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் 16 படி சீக்வென்சர், ஒலி அலையின் வடிவத்தை அப்படியே காட்டும் சின்னத் திரை. எடை இரண்டு கிலோகூட வராது. ஆறு டபுள் ஏ பேட்டரியிலும் ஓடும். 25 கட்டைகள், அதுவும் மெல்லியவை. வழக்கம்போல் சி-யில் தொடங்காமல் இ-யில் தொடங்கி இ-யில் முடியும். முதல் மாதம் என் கை தவறான இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

ஒரே சுரம்தானா என்று கேட்பவர்கள் உண்டு. கார்ட் பிடித்துப் பாட்டுக்கு வாசிக்க நினைப்பவர்களுக்கு இது ஆகாது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நம் பாட்டு ஒரு நேரத்தில் ஒரு சுரமாகத்தானே நடக்கிறது? நாதஸ்வரமும் புல்லாங்குழலும் அப்படித்தான். நான் வாசிப்பது குரலோடு கூடவே போகும் ஒரு வரி, இல்லையென்றால் அடியில் நிற்கும் சட்ஜம். அதற்கு ஒன்று போதும்.

முதல் ஒன்றரை வருடம் இதை வீட்டில் மட்டும் வாசித்தேன். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லாமல். குமிழைத் திருப்பினால் ஒலி உடனே மாறும். எந்தப் பட்டியலுக்குள்ளும் நுழைந்து தேட வேண்டியதில்லை. சிந்தசைசர் எப்படி வேலை செய்கிறது என்று நான் கற்றுக்கொண்டது இந்தத் திரையைப் பார்த்துத்தான். முக்கோண அலைக்கும் ரம்ப அலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே காதால் கேட்கலாம். ஃபில்டரை மூட மூட ரம்பத்தின் பற்கள் மழுங்குவது திரையில் தெரியும். ஆலையில் ஆசிலோஸ்கோப் பார்த்தவன் என்பதால் எனக்கு அது தனி சந்தோஷம்.

2021-இல் ஒரு வெள்ளிக்கிழமை இதைக் கோவிலுக்கு எடுத்துப் போனேன். பஜனையை நடத்தும் அத்தைக்கு ஐந்து கட்டை சுருதி, அதாவது அவர் பாடும் சட்ஜம் ஜி. சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் மெதுவாகக் கூடவே வாசித்தேன். இரண்டு பாட்டு முடிந்ததும் அத்தை திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, பெட்டி சத்தம் நல்லாதான் இருக்கு. ஆனா காந்தாரம் குத்துதுப்பா. கொஞ்சம் இறக்க முடியுமா?”

நான் டியூனரில் சரிபார்த்துத்தான் கொண்டுபோயிருந்தேன். கருவியில் பிழை இல்லை. வீட்டுக்கு வந்து மறுபடி சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு காந்தாரக் கட்டையை அழுத்திப் பிடித்துக் கேட்டேன். ஒலி படபடவென்று துடித்தது. அதுவரை என் காதில் அது விழாதது எனக்கே ஆச்சரியம்.

கணக்கு இதுதான். பியானோ முறையில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கி, அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையே 100 சென்ட் வைக்கிறார்கள். அதில் அந்தர காந்தாரம் 400 சென்டில் விழும். ஆனால் சட்ஜத்தோடு ஒட்டி அசையாமல் நிற்கும் காந்தாரம் 4-க்கு 5 என்ற விகிதத்தில் வருவது. அது 386 சென்ட். வித்தியாசம் 14 சென்ட். ஐந்து கட்டையில், அதாவது ஜி-யில், சட்ஜம் 196 ஹெர்ட்ஸ் என்றால் பியானோ காந்தாரம் ஏறக்குறைய 247, ஒட்டும் காந்தாரம் 245. இரண்டு ஹெர்ட்ஸ்தான். ஆனால் ஒவ்வொரு சுரத்துக்குள்ளும் அதன் மடங்குகளாக மேல் சுரங்கள் ஒலிக்கின்றன; சட்ஜத்தின் மேல் சுரமும் பியானோ காந்தாரத்தின் மேல் சுரமும் மோதும்போது விநாடிக்கு எட்டு முறை துடிப்பு உண்டாகிறது. அத்தையின் காதைக் குத்தியது அந்தத் துடிப்பு.

இந்த இடத்தில்தான் மோனோலாக் மற்றப் பெட்டிகளிலிருந்து எனக்குப் பிரிந்து நிற்கிறது. இதில் மைக்ரோடியூனிங் உண்டு. ஒவ்வொரு சுரத்தையும் சென்ட் கணக்கில் ஏற்றி இறக்கிச் சேமித்து வைக்கலாம். இதை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தட்சுயா தக்கஹாஷி. ஏஃபெக்ஸ் ட்வின் என்ற பெயரில் இசை செய்யும் ரிச்சர்ட் டி. ஜேம்ஸ் அப்போது அவர்களுக்கு ஆலோசனை சொன்னார். அவர் அமைத்த சுர வரிசைகளும் உள்ளேயே இருக்கின்றன. இந்த விலையில் இப்படி ஒரு வசதி அப்போது அபூர்வம். அவர்கள் எதை மனதில் வைத்துச் செய்தார்களோ, அது சுங்கை சிப்புட் மாரியம்மன் கோவிலுக்குச் சரியாகப் பொருந்தியது.

நான் பதிந்த முதல் வரிசை மாயாமாளவகௌளை ராகம். நம் பிள்ளைகள் முதலில் கற்பது அதுதானே. பியானோ அளவிலிருந்து செய்த மாற்றம்: சுத்த ரிஷபம் 12 சென்ட் மேலே, அந்தர காந்தாரம் 14 கீழே, சுத்த மத்திமம் 2 கீழே, பஞ்சமம் 2 மேலே, சுத்த தைவதம் 14 மேலே, காகலி நிஷாதம் 12 கீழே. ஐந்து கட்டைக்கு ஒன்று, ஐந்தரைக்கு ஒன்று, ஆண் குரலுக்காக ஒன்று என்று மூன்று தனித்தனியாக வைத்திருக்கிறேன். பதிவதற்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. அடுத்த வெள்ளி வாசித்தபோது அத்தை திரும்பிப் பார்க்கவே இல்லை. பாட்டு முடிந்த பிறகு, “ம், இப்ப ஒட்டுது” என்றார்.

கர்நாடக சங்கீதத்தில் சுரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை, கமகத்தில்தான் (சுரத்தை அசைத்துப் பாடுவதில்) உயிர் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். இடது பக்கத்தில் உள்ள நெம்பை வைத்துச் சுரத்தை வளைக்கிறேன். விட்டால் தானே நடுவுக்கு வந்துவிடும். நீண்ட கார்வைக்குள் சின்ன அசைவு கொடுக்க இது போதும், வேகமான பிருகாவுக்குப் போதாது. படிகளுக்கு இடையே வழுக்கிப் போகும் ஸ்லைடும் உண்டு. அந்த வழுக்கலைக் கேட்கும்போதெல்லாம் பம்பாய்க் கலைஞர் சரண்ஜித் சிங் நினைவுக்கு வருவார். 1982-இலேயே ரோலண்ட் டிபி-303-ஐ வைத்துக்கொண்டு ராகங்களை வாசித்துப் பதிவு செய்தவர் அவர். இந்தப் பெட்டிகளுக்கும் நம் ராகங்களுக்கும் உறவு புதிதல்ல.

கோவிலில் கற்ற இன்னொரு விஷயம் டிரைவ் குமிழைப் பற்றியது. ஹெட்போனில் வீடே அதிரும் கீழ் ஸ்தாயி சட்ஜம், கோவில் கூம்பு ஸ்பீக்கரில் காணாமல் போய்விடும். சட்ஜத்தை சி-யில் வைத்தால் அந்தத் தாழ்ந்த சுரம் 65 ஹெர்ட்ஸ். கூம்பு ஸ்பீக்கருக்குச் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே பேச்சே இல்லை. ஒலியளவைக் கூட்டிப் பயனில்லை, கரகரப்புதான் கூடும். டிரைவைப் பாதி வரை திருப்பினால் 131, 196, 262 என்று மேலே மேலே போகும் சுரங்கள் எல்லாம் பலமாகின்றன. மேலே உள்ளவை ஸ்பீக்கரில் வந்துவிட்டால் இல்லாத அடிச் சுரத்தைக் காதே நிரப்பிக்கொள்கிறது. திடலில் தூரத்தில் நின்று கேட்டேன், சட்ஜம் இருந்தது.

சரி, உறுமிக்கு வருவோம். வோல்கா சாம்பிளை வாங்கியதே அதற்காகத்தான். 2014-இல் வந்த கருவி. நூறு சாம்பிள் வைக்கலாம், ஆனால் எல்லாம் சேர்த்து 65 விநாடிதான். உள்ளே ஏற்றும் முறை விநோதம்: ஐபோன் செயலியிலிருந்து ஹெட்போன் துளையில் மாட்டிய கம்பி வழியாக, பழைய ஃபேக்ஸ் இயந்திரம் மாதிரி கீச்சிட்டுக்கொண்டே தகவல் இறங்கும். நடுவில் ஒரு வாட்ஸ்அப் சத்தம் கேட்டால் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அக்கா மகனின் போனை விமான முறையில் போட்டுவிட்டுத்தான் செய்வேன்.

உறுமி வாசிக்கும் அண்ணனைக் கோவிலுக்குப் பின்னால் உட்காரவைத்து ஒரு மதியம் முழுதும் பதிவு செய்தோம். ஒரு பக்கம் வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கிறார், மறுபக்கம் மெல்லிய குச்சியால் அடிக்கிறார். அடி சுலபம்; அரை விநாடியில் முடிந்துவிடும். உறுமல்தான் பெரிய வேலை. குச்சியை அழுத்த அழுத்தச் சுரம் மேலே ஏறுகிறது, தளர்த்தினால் இறங்குகிறது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு நீளம். 65 விநாடிக்குள் பன்னிரண்டு உறுமலுக்குமேல் வைக்க மனமில்லை. அதே பன்னிரண்டு திரும்பத் திரும்ப வந்ததும் அண்ணன் சொல்லிவிட்டார்: “இது உறுமலடா தம்பி, ஆனா யாரையும் பார்த்து உறுமல.”

அதனால் உறுமலை மோனோலாக்கிடம் கொடுத்தேன். முதல் ஆசிலேட்டரில் முக்கோண அலை, இரண்டாவதில் இரைச்சல் கொஞ்சம். என்வலப்பை (ஏற்ற இறக்கத்தை நேரத்தோடு நடத்தும் பகுதி) சுருதிமேல் திருப்பி, ஏறுவதை மெதுவாக்கினேன். ஃபில்டரின் ரெசனன்ஸ் (ஒலியைக் கூர்மையாக்கும் குமிழ்) பாதிக்கு மேல். பிறகு நெம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குச்சியை அழுத்துவது போலவே ஏறுகிறது. அடிகள் வோல்காவில், உறுமல் என் விரலில். இரண்டையும் சேர்ப்பது ஒரு சாதாரண 3.5 மில்லிமீட்டர் கம்பி. தாளம் ஆறாக நடப்பதால் மோனோலாக்கின் 16 படியில் நான்கை அணைத்துப் பன்னிரண்டாக்கினேன். வேண்டாத படியை அணைத்தால் அது தாண்டிப் போய்விடும். ஏழாக நடக்கும் மிஸ்ர சாபு வேண்டுமா, இரண்டை அணைத்துப் பதினான்காக்கலாம். நாலு நாலாக மட்டுமே எண்ணும் கருவிகளில் நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

இது உறுமிக்கு மாற்று அல்ல. ஊர்வலத்தில் தோல் உறுமிதான் போக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஈப்போ கல்லுமலைக் கோவிலுக்குக் காவடி போகும்போது அந்தச் சத்தம் நெஞ்சில் வந்து அடிக்க வேண்டும். பையன்கள் புதுத் தாளம் போட்டுப் பழக, மழை நாளில் வீட்டுக்குள் உட்கார்ந்து யோசிக்க, எங்கள் ஜோடிக் கருவி உதவுகிறது. அந்த அளவுக்குத்தான்.

வெயிலும் ஈரமும் பற்றி. தகரக் கூரைக்குக் கீழே அனலாக் சுருதி நகரும்; ஆன் செய்து பத்து நிமிடம் சூடாகவிட்டு, தானாகச் சுருதி சேர்க்கும் கட்டளையைக் கொடுத்தபின் வாசிக்கிறேன். வாசிக்காத நேரத்தில் இரண்டும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள், சிலிக்கா பொட்டலங்களோடு. இந்த ஊரில் எறும்புக்கு மின் கருவி என்றால் ஆசை. பெட்டி அதற்கும் சேர்த்துத்தான். ஆறு வருடத்தில் எந்தக் குமிழும் கரகரக்கவில்லை.

ஒரே ஒரு முறை பயந்தேன். அடாப்டரை வேலை இடத்தில் மறந்துவிட்டு, அவசரத்துக்கு ஒரு கடையில் பல முனை அடாப்டர் வாங்கினேன். அட்டையில் 9 வோல்ட், செருகின் நடுவில் பிளஸ் என்று மோனோலாக்குக்கு வேண்டியபடிதான் போட்டிருந்தது. பழக்கதோஷம், மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்; நடுவில் மைனஸ். செருகியிருந்தால் கதை முடிந்திருக்கலாம். கிட்டார் பெடல் அடாப்டர்களும் பெரும்பாலும் நடுவில் மைனஸ்தான். இரண்டையும் ஒரே பையில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வண்ண டேப் சுற்றி வையுங்கள்.

கோவிலில் இப்போது பேட்டரிதான். இடி இறங்கும் மாலையில் சுவர் பிளக்கில் எதையும் செருகுவதில்லை. சார்ஜ் செய்யும் பேட்டரியா, சாதாரணமா என்று அமைப்பில் சொல்லிவிட்டால் மீதியளவைச் சரியாகக் காட்டும். ஒரு சார்ஜில் இரண்டு பஜனை தாராளமாக வரும். தீர்ந்துவிட்டால் இரவு ஒன்பது மணிக்கும் ஒட்டுக்கடையில் டபுள் ஏ கிடைக்கும்.

புதியவற்றில் மூன்றைக் கைவைத்துப் பார்த்தேன். 2019-இல் வந்த கோர்க்கின் மினிலாக் எக்ஸ்டி நான்கு சுரம் பேசுகிறது, மைக்ரோடியூனிங்கும் உண்டு, ஒலி செழிப்பு. ஆனால் பேட்டரியில் ஓடாது. ரோலண்டின் எஸ்-1, 2023-இல் வந்தது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, பேட்டரி உள்ளேயே. அந்த அளவுக்கு அதன் ஒலி என்னை வியக்க வைத்தது, ஆனால் அந்தப் பொத்தான்களில் என் விரல் பாட்டு வாசிக்காது. டீனேஜ் எஞ்சினியரிங்கின் இபி-133 அதே வருடம் வந்தது. மைக்கும் ஸ்பீக்கரும் உள்ளேயே இருப்பதால் உறுமிக்கு நேராக நீட்டிப் பதிவு செய்யலாம். 65 விநாடியோடு மல்லுக்கட்டியவனுக்கு அது பெரிய நிம்மதி. வோல்கா நின்றுபோனால் அடுத்து வாங்குவது அதைத்தான். நம் பாட்டுக்காக வாங்குபவர்கள் கடைக்காரரிடம் எத்தனை சுரம், எத்தனை சத்தம் என்று கேட்பதற்கு முன், சுரத்தைச் சென்ட் கணக்கில் நகர்த்த முடியுமா என்று கேளுங்கள்.

மெல்லிய கட்டைகள் என் விரலுக்கு ஆறு வருடம் கழித்தும் சிறியவைதான். ஆனால் போன மார்ச்சிலிருந்து மோனோலாக்கை வாரத்தில் மூன்று நாள் வைத்திருப்பது அத்தையின் பேத்தி, ஒன்பது வயது. அவள் விரலுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது. மாயாமாளவகௌளை வரிசையில் சரளி வரிசை வாசிக்கிறாள், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறார். நேற்று கருவியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் ஐந்தரைக்கு மாற்றித் தரச் சொன்னாள். பாட்டிக்குத்தான் ஐந்து கட்டையாம், அவளுக்கு அது இறக்கமாக இருக்கிறதாம்.