பவர் வீடர் ஸ்டார்ட் ஆகவில்லையா? மாந்தோப்பில் பல வருடம் ஓட்டியவனின் அனுபவம்

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் ஏழு எச்.பி. பெட்ரோல் பவர் வீடர் ஒன்றைப் பல வருடமாக ஓட்டுகிறேன். வேளாண் பொறியியல் துறை மானியத்தில் வாங்கியது. களை வெட்ட ஆள் கிடைக்காத ஊரில் இது இல்லாமல் தோப்பு வைத்திருப்பது கஷ்டம். பெங்களூரா, செந்தூரா மர வரிசைகளுக்கு நடுவே செம்மண்ணை நன்றாகவே கிளறிவிடுகிறது. மரத்தை ஒட்டிய இடத்துக்கு மட்டும் மண்வெட்டிதான். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஓட வைப்பதில்தான் பாடு.

எங்கள் பக்கம் களை மழையோடு வரும். ஆடியில் இருந்து கார்த்திகை வரை மெஷினுக்கு வேலை. தை பிறந்தால் ஷெட்டுக்குள் போய்விடும். பூ, பிஞ்சு, அறுவடை, மண்டி என்று அலையும் மாதங்களில் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்த மழைக்கு வெளியே இழுத்து வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தால் தோள்பட்டை வலிக்கும், எஞ்சின் மட்டும் பேசாது. கனடாவில் இருக்கும் மச்சானிடம் புலம்பினால், அவர் வீட்டுப் பனி தள்ளும் மெஷினும் இதே கதைதான் என்கிறார். கோடை முழுக்கச் சும்மா நின்றுவிட்டு, முதல் பனி கொட்டும் அன்று மக்கர் பண்ணுமாம். அதிலும் இதே மாதிரி ஒரு சிலிண்டர் எஞ்சின்தான், வியாதியும் ஒன்றுதான்: மாதக்கணக்கில் உள்ளே நின்றுபோன பெட்ரோல்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்கு பெட்ரோல் போவதோ அடியில் இருந்துதான். இன்னொரு பக்கம், நாள்பட்ட பெட்ரோலில் சீக்கிரம் பற்றக்கூடிய பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் பிசுபிசுவென்று, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டருக்குள் படியும். அதற்குள் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அடைத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

சரி, ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எங்கே தொடங்குவது? பெட்ரோலைத் திறந்து மூடும் காக், சுவிட்ச், ஸ்டார்ட் செய்யும்போது காற்றைக் குறைக்கும் சோக் மூன்றையும் பாருங்கள். அப்புறம் மெஷினைச் சமதளத்தில் நிறுத்தி எஞ்சின் ஆயில் அளவைப் பாருங்கள். பல எஞ்சின்களில் ஆயில் குறைந்தால் பிளக்குக்குப் போகும் கரண்ட்டை வெட்டிவிடும் சென்சார் உண்டு. வரப்பில் சாய்ந்து நின்றாலே அது வேலையைக் காட்டிவிடும், நாம் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்போம்.

இதெல்லாம் சரியாக இருந்தால், பொறி தரும் பிளக்கைக் கழற்ற வேண்டியதுதான். பாதி விஷயத்தைப் பிளக் நுனியே சொல்லிவிடும். ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் பெட்ரோல் வந்து சேர்கிறது, ஒன்று சோக் போட்டு அதிகம் இழுத்துவிட்டோம், இல்லை பொறி வரவில்லை. பெட்ரோல் காக்கை மூடி, பிளக் இல்லாமல் சில தடவை கயிற்றை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, கரியைத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். பிளக் நுனியின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் என்பது இந்த வகை எஞ்சின்களில் சாதாரண அளவு. பழைய பிளக் என்றால் யோசிக்காமல் புதுசு போட்டுவிடுவேன், விலை பெரிதில்லை.

நுனி காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. என் மெஷின் நின்றதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் அடியில் இருக்கும் சின்ன போல்ட்டைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். ஒரு முறை எனக்கு வந்தது டீ டிக்காஷன் நிறத்தில், அடியில் தண்ணீர் தனியாக முத்து முத்தாக உருண்டது. மெஷினைக் கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனால், திறந்துகூடப் பார்க்காமல் புது கார்பரேட்டர் மாற்றச் சொன்னார்கள். ஊரில் பைக் மெக்கானிக் தம்பிதான், "அண்ணா, இதுக்குப் போயி புதுசு வாங்காதீங்க, ஜெட்டை மட்டும் ஊதி விட்டாப் போதும்" என்று கிண்ணத்தைக் கழற்றினார். கிளீனர் ஸ்பிரே அடித்து, ஒயரில் இருந்து பிரித்த ஒற்றைச் செம்புக் கம்பியால் துளையைக் குத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். இரும்புக் கம்பி கூடாது, பித்தளை ஜெட்டின் துளை பெரிதாகிவிடும். அன்றைக்கு மாட்டிய பழைய கார்பரேட்டர்தான் இன்றைக்கும் ஓடுகிறது.

எலி கடித்த ஒயர், சைலன்சருக்குள் குளவி கட்டிய மண்கூடு இரண்டையும் நம் ஷெட்டுகளில் மறக்காமல் பார்க்க வேண்டும். டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்தாலும் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் ஓடினால் காரணம் அதுதான்.

இப்போதெல்லாம் கார்த்திகை வேலை முடிந்ததும் டேங்கில் இருப்பதை பைக்கில் ஊற்றிவிடுகிறேன். எஞ்சினைத் தானாக அணையும் வரை ஓடவிட்டு, கிண்ணத்து போல்ட்டையும் திறந்து மீதியை வடித்துவிடுவேன். கடைசியாகக் கயிற்றை மெதுவாக இழுத்து, கை கனக்கும் இடத்தில் விட்டுவிடுவது. அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், சிலிண்டருக்குள் ஈரக்காற்று போகாது. இப்படி வைத்த வருடங்களில் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டி வரவில்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் எச்.பி. எவ்வளவு என்பதோடு கிண்ணத்தில் வடிக்கும் போல்ட் இருக்கிறதா, ஜெட்டும், கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டும் தனியாகக் கிடைக்குமா என்றும் கடையிலேயே கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், பக்கத்துக் கடைக்குப் போவது மேல்.