மான் கறி பிரிக்க எந்தக் கத்தி? பல சீசன் புழங்கிய பிறகு

அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமம் எடுத்து வெண்வால் மான் வேட்டையாடுகிறவர்களில் பலர் கறியை வீட்டிலேயே பிரித்துக்கொள்கிறார்கள். அவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் தடித்த வேட்டைக் கத்தி. கறி பிரிக்க அது உதவாது. 4 மி.மீ. தடிமனுள்ள அலகு கறியை அறுப்பதைவிடப் பிளப்பதுதான் அதிகம். எலும்பை ஒட்டித் திரும்பாது, மூட்டுக்கு மூட்டு கறி தங்கிவிடும்.

பல சீசன் போன பிறகும் கை தானாகத் தேடுவது 6 அங்குல போனிங் கத்தியைத்தான், அதாவது எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கும் கத்தியை. ஒடுங்கிய, லேசாக வளைந்த, ஓரளவு நெகிழும் அலகாக இருக்க வேண்டும். முழுக்க நெகிழ்வது மீனுக்குச் சரி, தொடை மூட்டில் வழி தவறும். விக்டோரினாக்ஸ் ஃபைப்ராக்ஸ், டெக்ஸ்டர்-ரஸ்ஸல் சானி-சேஃப் இரண்டுமே இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் நாள் முழுக்கப் பிடிக்கும் கத்திகள். இதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை.

விக்டோரினாக்ஸ் எஃகின் கடினம் ராக்வெல் அளவில் 55-56. மென்மை என்று குறை சொல்வார்கள், ஆனால் இந்த வேலைக்கு அதுதான் பலம். எலும்பில் பட்டால் கூர் மடங்குமே தவிர உடையாது. தீட்டுக்கம்பியில் பக்கத்துக்கு நாலு இழுப்பு இழுத்தால் நிமிர்ந்துவிடும். 60-க்கு மேல் கடினமுள்ள, மெல்லிய வாய் கொண்ட ஜப்பானியக் கத்தி எலும்பில் பட்டால் சில்லு பெயரும். பெயர்ந்த சில்லு கறியில்தான் கிடக்கும்.

கத்தியின் அருமை முன்னங்கால் சப்பையில் தெரியும். மானுக்குக் காறை எலும்பு கிடையாது, முன்னங்கால் உடலோடு தசையால் மட்டுமே ஒட்டியிருக்கிறது. காலை வெளிப்பக்கம் தூக்கிப் பிடித்து, அக்குளில் முனையை வைத்து, விலாவை ஒட்டியே மேலே ஓட்டினால் தோள்பட்டை எலும்போடு சப்பை முழுசாகக் கழன்று வரும். பின்தொடை அப்படி வராது. இடுப்பெலும்பை ஒட்டி அறுத்துக்கொண்டே போனால் பந்துக்கிண்ண மூட்டு தெரியும். கிண்ணத்துக்குள் முனையை விட்டு உள்ளிருக்கும் தசைநாரை அறுத்தால் கால் கைக்கு வந்துவிடும். எங்கேயும் நெம்பாதீர்கள். அறுவை பிளேடு போல அலகு மாற்றும் கத்திகள் தோலுரிக்க அருமையானவை. மூட்டில் திருகினால் ஒடிந்து துண்டு உள்ளே போய்விடும். மூட்டுப் பக்கமே அவற்றைக் கொண்டுபோகக் கூடாது.

முதுகுக்கறியின் மேலிருக்கும் வெளுத்த சவ்வை எடுக்கவும் இதே கத்தி போதும். வால் பக்கம் ஓர் அங்குலம் சவ்வைக் கிளப்பி, விரலால் இறுக்கிப் பிடித்து, வாயைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து ஓட்ட வேண்டும். கீழ்நோக்கிச் சாய்ந்தால் நல்ல கறி சவ்வோடு போகும். கறி நன்றாகக் குளிர்ந்திருந்தால் இந்த வேலை பாதி நேரத்தில் முடியும்.

கத்தியின் கூர்மையை வேகமாகத் தின்பது கறியல்ல, மண்ணும் தூசியும் ஏறிய முடிதான். தோலைக் கீறும்போது வாயை மேல்நோக்கி வைத்து, உள்ளிருந்து வெளியே கீறுங்கள். கூரும் நிற்கும், கறியில் முடியும் ஒட்டாது.

சாணைக்கல் 1000 கிரிட் போதும் (கிரிட் எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்), பக்கத்துக்கு 18-20 டிகிரி சாய்வில் தீட்டுங்கள். 6000 வரை மெருகேற்றினால் காகிதம் அழகாக அறுபடும், ஆனால் சவ்விலும் தசைநாரிலும் வழுக்கும். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் கடித்துப் பிடிக்கும். மான் கொழுப்பு குளிரில் மெழுகாக உறைந்து அலகை மூடிவிடுவதும் உண்டு. கூர் மழுங்கிவிட்டது என்று கல்லைத் தேடுமுன் சுடுநீரில் கழுவிப் பாருங்கள். பாதி நேரம் குறை அங்கேதான். பிடியிலும் இதே கொழுப்பு படியும், அதனால் வழவழப்பான மரப்பிடி வேண்டாம், சொரசொரப்பான பிளாஸ்டிக் பிடியே பாதுகாப்பு. கத்தி பிடிக்காத கையில் வெட்டுத் தடுப்புக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ரம்பம் வாங்காதீர்கள். மான்களின் மூளையைத் தாக்கிக் கொல்லும் நாள்பட்ட மெலிவு நோய் (சி.டபிள்யூ.டி.) உள்ள பகுதிகளில் மூளை, தண்டுவடம் எதையும் வெட்டாமல் எலும்பிலிருந்து கறியை மட்டும் எடுப்பதே முறை. மானைப் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வரும்வரை கறியைச் சமைக்காதீர்கள், நோய் உறுதியானால் உண்ணக் கூடாது. அந்த நோய்க்குக் காரணமான பிரியான் என்ற உருமாறிய புரதம் கொதிநீருக்குச் சாகாது. கறித்துணுக்கெல்லாம் போகத் தேய்த்துக் கழுவிய கத்தியை, 2 பங்கு வீட்டு பிளீச்சுக்கு 3 பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் குறைந்தது 5 நிமிடம் ஊறவைக்க வேண்டும். துணுக்கு ஒட்டியிருந்தால் பிளீச் அதற்குள் ஊடுருவாது. ஊறியதும் உடனே அலசித் துடையுங்கள், விட்டுவைத்தால் துருவேறா எஃகிலும் புள்ளி விழும்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஆனால் முழு ஆடு வாங்கி வீட்டில் பிரிப்பவர்களுக்கும் இதே கத்தி பொருந்தும். சப்பையைக் கழற்றும் விதமும் தொடை மூட்டும் ஆட்டிலும் அப்படியேதான். எலும்போடு துண்டு போட மட்டும் வெட்டுக்கத்தியும் புளியமரக் கட்டையும் தனியாக வேண்டும். போனிங் கத்தியால் எலும்பைக் கொத்தினால் அன்றோடு அதன் வாய் போச்சு.