லட்டுவுக்கு வாங்கிய 189 டாலர் அட்டை

அமெரிக்காவில் நாய் வளர்ப்பவர்கள் யாராவது விடுமுறைக்கு நாயோடு விமானம் ஏறலாம் என்று நினைத்திருந்தால், இதைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். நாங்கள் படிக்காமல் போட்டோம்.

சிகாகோவில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. எங்கள் நாய் லட்டு 25 கிலோ. முன் இருக்கைக்கு அடியில் அடங்கும் பைக்குள் உட்காரக்கூடிய குட்டி நாய் என்றால் ஒரு வழிக்கு நூறு, நூற்றைம்பது டாலர் கட்டி கேபினிலேயே கொண்டுபோகலாம். லட்டுவின் தலை மட்டும்தான் அந்தப் பைக்குள் போகும். அப்போதுதான் ஒரு தோழி சொன்னது ஞாபகம் வந்தது. 2019-ல் அவள் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, 'எமோஷனல் சப்போர்ட் அனிமல்' (கூட இருந்து மனதுக்கு ஆறுதல் தரும் விலங்கு) என்று தன் நாயைக் காசே கட்டாமல் காலடியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனாள். அது அன்றைய விதி. விதி மாறியது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கூகுளில் தேடினேன். முதலில் வந்த விளம்பரத்தைத் தட்டினேன். பத்துக் கேள்விகள். "பயணம் என்றால் பதற்றமாக இருக்குமா?" யாருக்குத்தான் இருக்காது? ஐந்து நிமிடத்தில் 'தகுதி பெற்றுவிட்டீர்கள்' என்று பச்சை டிக் வந்தது. 189 டாலர் கட்டினேன். ஒரு வாரத்தில் பெட்டி வந்தது. லட்டுவின் படம் போட்ட அடையாள அட்டை, பதிவு எண், தங்க முத்திரை குத்திய சான்றிதழ், 'சர்வீஸ் டாக்', அதாவது குறைபாடு உள்ளவருக்கு உதவப் பழக்கிய நாய், என்று வெள்ளை எழுத்து தைத்த சிவப்பு அங்கி. அட்டையைப் பார்த்தால் என் டிரைவிங் லைசென்ஸைவிட அசலாக இருந்தது.

நூவர்க் விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் அட்டையைக் கையில் வாங்கக்கூட இல்லை. போக்குவரத்துத் துறையின் படிவம் எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. சரி, இந்த நாய் என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது என்று கேட்டார். "இவங்க பதற்றப்பட்டா பக்கத்துல இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். "பக்கத்தில் இருந்து என்ன செய்யும்?" என்றார் அந்தப் பெண். லட்டு அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவரின் பெட்டிச் சக்கரத்தைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து வரிசையில் பார்வையற்ற ஒருவர் நின்றிருந்தார். அவருடைய வழிகாட்டி நாய் அவர் ஷூமேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. லட்டு அதைப் பார்த்தும் குரைத்தான். அது ஒரு காதை மட்டும் தூக்கிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. அந்த மனிதரிடமும் படிவம் கேட்டார்கள். அவர் பைக்குள் கையை விட்டுத் தடவி எடுத்துக் கொடுத்தார். எங்களைப் போன்ற ஆட்களால்தான் அவர் அந்தக் காகிதத்தைச் சுமக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததைச் சொல்கிறேன். கடிதம் ஒன்று இருந்தால் போதும் என்ற காலத்தில் ஆளாளுக்கு விலங்கோடு வந்தார்கள். 2018-ல் இதே நூவர்க்கில் ஒரு பெண் மயிலோடு வந்ததும், விமான நிறுவனம் ஏற்ற மறுத்ததும் செய்தியாகி உலகம் சுற்றியது. கேபினில் நாய் கடித்த சம்பவங்களும் நடந்தன. 2020 டிசம்பரில் போக்குவரத்துத் துறை புது விதி போட்டது, 2021 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி சர்வீஸ் அனிமல் என்றால் நாய் மட்டும்தான், அதுவும் உடல் அல்லது மனக் குறைபாடு உள்ள ஒருவருக்காக ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் பழக்கிய நாய். கூட இருந்தாலே ஆறுதல் என்பது வேலைக் கணக்கில் வராது. பீதி வரும்போது வந்து முட்டித் தடுப்பது, மருந்து நேரத்தை நினைவூட்டுவது போன்றவை வரும். பழக்கியது நீங்களாகவே இருக்கலாம், ஆனால் பழக்கியிருக்க வேண்டும். நாயின் உடல்நலம், நடத்தை, பயிற்சி மூன்றுக்கும் உறுதி சொல்லும் அந்தப் படிவத்தை, முன்கூட்டியே டிக்கெட் எடுத்தவர்களிடம் 48 மணி நேரம் முன்னதாகவே விமான நிறுவனம் கேட்கலாம். எட்டு மணி நேரத்துக்கு மேல் பறந்தால், வழியில் அசுத்தம் செய்யாது என்று இன்னொரு படிவமும் கேட்கலாம். பொய் எழுதினால் மத்தியச் சட்டப்படி குற்றம் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. நல்லவேளை, நாங்கள் அதில் கையெழுத்துப் போடும் அளவுக்குப் போகவில்லை.

முக்கியமான விஷயம், அமெரிக்க அரசு சர்வீஸ் நாய்களுக்கென்று எந்தப் பதிவேடும் வைத்திருக்கவில்லை. அட்டையும் சான்றிதழும் அங்கியும் எந்த உரிமையும் தராது. அப்படியானால் லட்டுவை எதில் பதிந்தார்கள்? அந்தத் தளம் தானே வைத்திருக்கும் ஒரு பட்டியலில். பக்கத்தின் அடியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில், 'இந்தப் பதிவு சட்ட உரிமை எதையும் வழங்காது' என்று அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள். மேலே வீட்டு வாடகை, விமானம், ஹோட்டல் எல்லாவற்றுக்கும் படம் போட்டு ஒன்றாகக் கலக்கிவிட்டிருந்தார்கள். வாடகை வீட்டுக்கான சட்டம் வேறு, விமானத்துக்கானது வேறு. இது தெரியாதவர்கள்தான் அவர்களுக்கு வாடிக்கையாளர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 'பதிவு செய்து தருவதாகச் சொன்னோம், செய்துவிட்டோம்' என்று பதில். கார்டு வங்கியில் புகார் கொடுத்தேன். அந்தத் தளத்துக்காரர்கள் லட்டுவின் பதிவுப் பக்கத்தை ஆதாரமாக அனுப்ப, வங்கியும் கையை விரித்தது. நுகர்வோர் புகார்களை வாங்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.சி.-யில் புகார் பதிந்திருக்கிறேன். நீங்களும் இதில் மாட்டியிருந்தால் அங்கே பதியுங்கள், சில நிமிட வேலைதான்.

என் வீட்டுக்காரர் லட்டுவோடு வீடு திரும்பினார், அவர் டிக்கெட் காசு போனது. நானும் பையனும் மட்டும் போய் இறங்கினோம். "ஏண்டி, நாய்க்கு அட்டை வாங்கின நேரத்துல நாயைப் பார்த்துக்கிற நல்ல போர்டிங் ஒண்ணு பார்த்திருக்கலாமே" என்றாள் அக்கா. தப்பு என் மேலும் இருக்கிறது, மறுக்கவில்லை. குறுக்கு வழி தேடிப் போனவள் நான்தான்.

நேற்று அந்தத் தளத்திலிருந்து மறுபடியும் மெயில். லட்டுவின் பதிவு அடுத்த மாதம் காலாவதி ஆகிறதாம், 79 டாலர் கட்டிப் புதுப்பிக்க வேண்டுமாம்.