அட்டவணையா, கால்குலேட்டரா, எக்செலா? தொடக்க நிலை நிதிக் கணக்குகளுக்கு ஒரு ஒப்பீடு

பணத்தின் கால மதிப்பு (பின்னால் வரும் ரூபாய்க்கு இன்று என்ன மதிப்பு என்பது) என்ற பாடம் தொடங்கியதும் வகுப்பு மூன்றாகப் பிரிந்துவிடும். பாடநூலின் பின்னட்டையை ஒட்டிய பக்கங்களில், பின்னால் வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பைச் சொல்லும் காரணி அட்டவணையை நம்புகிறவர்கள் ஒரு பக்கம். சாதாரண கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு பக்கம். 'இதையெல்லாம் எக்செல் ஒரு நொடியில் சொல்லிவிடுமே' என்று கைகட்டி உட்கார்ந்திருப்பவர்கள் மூன்றாவது அணி. வேலைக்குப் போன பிறகு மூன்றாவது அணி சொல்வதுதான் சரி. படிக்கிற காலத்துக்கு அது பொருந்தாது என்பது என் கட்சி.

ஒரே கணக்கை மூன்றிலும் போட்டுப் பார்ப்போம். இயந்திரத்தின் விலை ரூ.1,00,000. ஐந்து ஆண்டுகளுக்கு, ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் ரூ.30,000 கிடைக்கும். வட்டி வீதம் 10%. வாங்கலாமா?

அட்டவணைக்காரர் 10% பத்தியில் 0.909, 0.826, 0.751, 0.683, 0.621 என்று எடுத்துக் கூட்டுவார். 3.790 வரும். அதை 30,000-ஆல் பெருக்கி, போட்ட பணத்தைக் கழித்தால் நிகர நிகழ்கால மதிப்பு, அதாவது வருமானங்களின் இன்றைய மதிப்பில் முதலீடு போக மிஞ்சுவது, ரூ.13,700. மிச்சம் இருப்பதால் வாங்கலாம். பக்கத்து இருக்கைக்காரர் இந்தக் காரணிகளை முன்பே கூட்டி வைத்திருக்கும் ஆண்டுத் தொகை அட்டவணையைப் பார்த்து 3.791 என்று எடுத்தால் அவருக்கு ரூ.13,730. முழுத் துல்லியமான விடை ரூ.13,723.60. மூன்று தசம இடங்களோடு நிறுத்தியதால் வந்த வேறுபாடு இது. விரிவாக எழுதும் தேர்வில் இதற்கு யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள். பல்கலைக்கழகத் தேர்வுகளில் கேள்விக்குக் கீழேயே இந்தக் காரணிகளை அச்சிட்டுக் கொடுப்பதும் வழக்கம்தான். கொள்குறி வினாவில் தெரிவுகள் நெருக்கமாக இருந்தால்தான் சங்கடம்.

அட்டவணைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதைப் பலரும் பயன்படுத்துவதே இல்லை. அதைப் பின்னோக்கிப் படிக்கலாம். 1,00,000-ஐ 30,000-ஆல் வகுத்தால் 3.333. ஆண்டுத் தொகை அட்டவணையில் ஐந்தாம் ஆண்டு வரிசையில் விரலை வைத்து நகர்த்துங்கள். 15%-இல் 3.352, 16%-இல் 3.274. ஆக, அக வருவாய் வீதம் (நிகர நிகழ்கால மதிப்பு பூச்சியமாகும் வட்டி வீதம்) 15-ஐத் தாண்டி, 16-ஐ எட்டாமல் நிற்கிறது. ஆண்டுதோறும் ஒரே தொகை வரும் கணக்குகளுக்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டுக் கடன் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: ரூ.10 லட்சம், 9% வட்டி, 20 ஆண்டு, மாதத் தவணை. மாதத்துக்கு 0.75%, 240 மாதங்கள். அப்படி ஒரு வரிசை பாடநூல் அட்டவணையில் இருக்காது.

கால்குலேட்டர்காரர் அங்கேயும் தப்பித்துக்கொள்வார். சி.ஏ. தேர்வில் அனுமதி உள்ள சாதாரண 12 இலக்கக் கால்குலேட்டரில் ஜிடி (GT, வந்த விடைகளின் மொத்தக் கூட்டுத்தொகை) என்றொரு பொத்தான் இருக்கும். அதைக் கடையில் பில் போடுகிறவர்களுக்கானது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். முதலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 1 ÷ 1.1 என்று அடித்துச் சமக்குறியை ஐந்து முறை அழுத்துங்கள். 0.909..., 0.826... என்று அட்டவணையின் காரணிகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து போகும். பிறகு ஜிடி. 3.79078... என்று ஐந்தின் கூட்டுத்தொகை நிற்கும். 30,000-ஆல் பெருக்கினால் 1,13,723.60. (கேசியோ வகைகளில் செயல்குறியை இருமுறை அழுத்தினால்தான் எண் நிலைத்து நிற்கும், முறையும் சற்று மாறும். வாங்கும்போதே சோதித்துக்கொள்ளுங்கள்.) ஒவ்வோர் ஆண்டும் ஒரு ரூபாய் எவ்வளவு சுருங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே விடைக்கு வருவதால், பயிற்சிக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

வீட்டுக் கடனில் 1.0075-ஐ 240 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். அதற்காக 239 முறை தட்ட வேண்டியதில்லை. 240 என்பது 15 × 16. முதலில் பதினைந்தாம் அடுக்கைக் கண்டுபிடித்துவிட்டு, வருவதை நான்கு முறை வர்க்கப்படுத்தினால் போதும். 6.009 வரும். மாத வட்டி 7,500-ஐ அதனால் பெருக்கி, 6.009-இலிருந்து ஒன்றைக் குறைத்து வரும் 5.009-ஆல் வகுத்தால் மாதத் தவணை சுமார் ரூ.8,997.

இந்த முறை தடுமாறுவது அக வருவாய் வீதத்தில். ஆண்டுக்கு ஆண்டு வருமானம் மாறினால் ஊகித்து ஊகித்துத்தான் போக வேண்டும். அதிலும் ஒரு பள்ளம் உண்டு. நம் இயந்திரக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 10%-இல் நிகர மதிப்பு 13,724. 20%-இல் அது −10,282. இந்த இரண்டுக்கும் இடையே விகிதம் போட்டால் விடை 15.72%. 15%-க்கும் 16%-க்கும் இடையே போட்டால் 15.24%. சரியான விடை பின்னதுதான். வட்டி ஏற ஏற நிகர மதிப்பு முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்குகிறது. அந்த வளைவை நேர்கோடாகப் பாவித்தால் கோடு பூச்சியத்தைத் தொடுவதற்குத் தாமதமாகிறது. வீதம் கூடுதலாகக் காட்டுகிறது. ஊகிக்கும் இரண்டு வீதங்களும் எவ்வளவு நெருங்கி இருக்கின்றனவோ அவ்வளவுக்கு நல்லது.

எக்செலில் இந்தத் தொல்லை கிடையாது. ஆறு கட்டங்களில் எண்களை நிரப்பி அக வருவாய் வீதத்துக்கான ஐஆர்ஆர் (IRR) என்று கேட்டால் 15.24% வந்துவிடும். ஆனால் அதே ஆறு கட்டங்களையும் நிகர நிகழ்கால மதிப்புக்கான என்பிவி (NPV) செயல்பாட்டுக்குள் கொடுத்தால் ரூ.12,476 என்ற விடை வரும். அது தவறு. முதலில் கொடுக்கும் தொகை ஓராண்டு கழித்து வருவதாக அந்தச் செயல்பாடு எடுத்துக்கொள்கிறது. அதனால் இன்றைக்குப் போடும் ஒரு லட்சத்தையும் சேர்த்து ஓராண்டு தள்ளிவிடுகிறது. ஐந்து வருமானங்களை மட்டும் உள்ளே கொடுத்து, முதலீட்டை வெளியே கழிக்க வேண்டும். கையால் போட்டுப் பழகியவருக்கு 12,476-ஐப் பார்த்ததும் எங்கோ இடிக்கும். பழகாதவர் அதை அப்படியே எழுதிவிட்டுப் போவார். எக்செல் பிழைச் செய்தி எதுவும் காட்டாது.

பயிற்சி முடிந்த பிறகு எக்செலுக்கு இணை வேறில்லை. அதே வீட்டுக் கடனை 240 வரிசைகளாக விரித்துப் பாருங்கள். முதல் மாதத் தவணையில் ரூ.7,500 வட்டிக்கே போகிறது, அசலில் ரூ.1,497 மட்டும் குறைகிறது. அசலுக்குப் போகும் பங்கு வட்டியை முந்துவது 149-ஆவது மாதத்தில், அதாவது பதின்மூன்றாம் ஆண்டில். இதைக் கால்குலேட்டரில் தேட யாருக்கும் பொறுமை இருக்காது.

நிதிக் கால்குலேட்டர் என்று நான்காவதாக ஒன்று இருக்கிறது. நிதிப் பகுப்பாய்வாளர்களுக்கான சி.எஃப்.ஏ. தேர்வில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிஏ 2 பிளஸ், எச்பி 12சி ஆகிய இரண்டு வகைகளுக்கு மட்டுமே அனுமதி. அந்தத் தேர்வை எழுதாதவர்கள் அதற்குச் செலவழிக்கத் தேவையில்லை.

பொருளியல் பயிற்சிக் கணக்குகளில் இந்தப் போட்டிக்கே இடமில்லை. எண்கள் சிறியவை, வாய்க்கணக்காகவே போடலாம். அங்கே மோதிக்கொள்பவை சூத்திரங்கள். விலை ரூ.10-இலிருந்து 12-க்கு ஏற, தேவை 100-இலிருந்து 80-க்கு இறங்குகிறது. சதவீத முறைப்படி 20-ஐ 20-ஆல் வகுத்தால் தேவை நெகிழ்ச்சி (விலை மாற்றத்துக்குத் தேவை எந்த அளவுக்கு அசைகிறது என்பது) 1. அதே விலை 12-இலிருந்து 10-க்கு இறங்குவதாகப் போட்டால் 1.5. இரண்டு விலைகளின், இரண்டு தேவைகளின் சராசரியை வைத்துச் சதவீதம் போடும் வில் நெகிழ்ச்சி முறையில் இரண்டு திசையிலும் 1.22 வரும். தேவைக்கோடு நேர்கோடாக இருந்தால், நடுவில் உள்ள ரூ.11 விலையில் புள்ளி நெகிழ்ச்சியும் (கோட்டின் ஒரே புள்ளியில் அளப்பது) அதே 1.22தான்.

கேள்வியில் முறை குறிப்பிடப்படவில்லை என்றால் நான் வில் முறையைத்தான் எடுப்பேன். எடுத்த முறையின் பெயரை விடைத்தாளில் எழுதியும் விடுவேன். காரணம் மொத்தச் செலவு முறையில் இருக்கிறது. விலை ஏறும் முன் நுகர்வோரின் மொத்தச் செலவு ரூ.1,000, ஏறிய பின் ரூ.960. விலை ஏறியும் செலவு குறைந்திருப்பதால் நெகிழ்ச்சி ஒன்றுக்கு மேல். முதல் சூத்திரம் சொன்ன '1' இந்தச் சோதனையில் தேறவில்லை.